வெளிநாட்டுப் பழைய வீடியோ கேம் கருவிகளை நம்மூர் டிவியில் இயக்குவது எப்படி

சிங்கப்பூருக்கோ மலேசியாவுக்கோ வளைகுடா நாடுகளுக்கோ ஓர் ஆளையாவது அனுப்பாத தெரு காவிரிப் படுகையில் அரிது. அப்படிப் போனவர்கள் தொண்ணூறுகளில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த வீடியோ கேம் கருவிகள் மன்னார்குடி, கூத்தாநல்லூர், நாகூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளின் பரணில் இன்னும் கிடக்கின்றன. அவற்றோடு, ஜப்பானிலிருந்து பழைய ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் ஆகியவற்றை இணையம் வழியாக வாங்குகிற இளைஞர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். பரணிலிருந்து இறங்கியதானாலும் அஞ்சலில் வந்ததானாலும், முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதை நம் வீட்டு டிவியில் எப்படி ஓட்டுவது?

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று மின்சாரம், மற்றொன்று படத்தின் சிக்னல். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட், நமக்கு 230 வோல்ட். அவ்விரு நாடுகளிலும் டிவி, என்டிஎஸ்சி என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் ஓடியது. நம் நாட்டில் 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்த நாளிலிருந்து பிஏஎல் முறை. கருவியைக் கையில் எடுத்தவர்கள் பெரும்பாலும் படத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் சிக்னலில் செய்யும் தவறு எதுவானாலும் திருத்திக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையாகத் தெரியும், உருளும், இரையும், அவ்வளவுதான். மின்சாரத்தில் செய்யும் தவறு ஒரு நொடியில் கருவியைக் கொன்றுவிடும். ஆகவே டிவியைத் தொடுவதற்கு முன் மின்சாரத்தை முடித்துவிட வேண்டும்.

லேபிளைப் படித்தல்

கருவியைத் திருப்பி அடியில் உள்ள லேபிளைப் பாருங்கள். அடாப்டர் தனியாக இருந்தால் அதன் லேபிளையும் பாருங்கள். எந்த ஊரில் வாங்கினோம் என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. சிங்கப்பூரிலும் நம்மைப் போலவே 230 வோல்ட்தான் என்றாலும், அங்கே கடைகளில் ஜப்பான் நாட்டுக் கருவிகளும் விற்பனைக்கு இருந்தன. "மாமா சிங்கப்பூரில் வாங்கியது, அதனால் நேரே செருகலாம்" என்று நம்பிச் செருகுவது சரியல்ல. லேபிளில் 100-240 என்று எழுதியிருந்தால் பிளக்கின் வடிவத்தை மட்டும் மாற்றிக்கொண்டு செருகலாம். 220-240 என்றிருந்தாலும் கவலையில்லை. 100 என்றோ 120 என்றோ மட்டும் இருந்தால் அது நம் சுவரில் நேரே செருகக் கூடாத பொருள்.

இங்கே பலர் ஏமாறுவது பிளக் மாற்றியில்தான். இரண்டு தட்டைக் கால்கள் உள்ள ஜப்பான் பிளக்கை நம் சாக்கெட்டில் பொருத்த, எலெக்ட்ரிக்கல் கடையில் விற்கும் சிறிய வெள்ளைத் துண்டு, வடிவத்தை மட்டுமே மாற்றுகிறது. வோல்ட்டை அது குறைப்பதில்லை. அதன் வழியாகச் செருகினால் 100 வோல்ட் கருவிக்குள் 230 வோல்ட் முழுதாகப் போகும்.

அடாப்டர் தனியாக உள்ள கருவிகள்

ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், மெகா டிரைவ் போன்றவற்றில் 100 வோல்ட் வேலை முழுவதும் வெளியே இருக்கும் அடாப்டரோடு முடிந்துவிடுகிறது. கருவிக்குள் நுழைவது குறைந்த அளவு டிசி (ஒரே திசையில் பாயும்) மின்சாரம்தான். ஆகவே பழைய அடாப்டரைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, நம்மூர் 230 வோல்ட் அடாப்டர் ஒன்றை வாங்குவதே சிக்கனமான வழி, பாதுகாப்பான வழியும்கூட.

அப்படி வாங்கும்போது வோல்ட், ஆம்பியர், முனை (பிளக்கின் நடுப்பகுதி நெகட்டிவா பாசிட்டிவா என்பது) என மூன்றையும் பார்க்க வேண்டும். ஃபேமிகாமுக்கும் சூப்பர் ஃபேமிகாமுக்கும் ஒரே அடாப்டர்தான்: 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், நடு முனை நெகட்டிவ். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துக்கொள்வதால் 9 வோல்ட் அடாப்டரும் போதும். ஆம்பியர் குறையக் கூடாது. கூடுதலாக இருந்தால் தீங்கில்லை. மெகா டிரைவின் முதல் வடிவம் 9 வோல்ட், 1.2 ஆம்பியர், நடு முனை நெகட்டிவ். அதே பெயரில் பின்னர் வந்த சிறிய மெகா டிரைவ் 2 கேட்பதோ 10 வோல்ட், 0.85 ஆம்பியர், நடு முனை பாசிட்டிவ். பெயர் ஒன்று, முனை நேர் எதிர். ஒன்றின் அடாப்டரை மற்றொன்றுக்கு மாற்றலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

நம் வீடுகளில் எளிதாகக் கைக்குக் கிடைப்பது கேபிள் செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர். அதன் நடு முனை பெரும்பாலும் பாசிட்டிவ். பிளக் பொருந்துகிறதே என்று அதை ஃபேமிகாமில் செருகினால் மின்சாரம் தலைகீழாகப் பாயும். நடு முனை நெகட்டிவாக உள்ள 9 வோல்ட் அடாப்டர் வேண்டுமென்றால் இசைக்கருவிக் கடையில் கேளுங்கள். எலெக்ட்ரிக் கிதாரின் கால் பெடல்களுக்கு விற்கும் அடாப்டர் அந்த முனை அமைப்பில்தான் இருக்கும். ஒற்றைப் பெடலுக்கான சிறிய அடாப்டர்களில் ஆம்பியர் குறைவாக இருக்கும் என்பதால் லேபிளில் 850 மில்லி ஆம்பியருக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

எந்த அடாப்டரானாலும் செருகுவதற்கு முன் மல்டிமீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள். சிவப்பு முனையை பிளக்கின் நடுத் துளையிலும் கறுப்பு முனையை வெளி உலோகத்திலும் வைத்தால், எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் நடு முனை நெகட்டிவ், வராவிட்டால் பாசிட்டிவ். பழைய கனமான அடாப்டர்களை இப்படிச் சும்மா அளக்கும்போது எழுதியிருப்பதைவிட மூன்று நான்கு வோல்ட் கூடுதலாகக் காட்டும். சுமை ஏறியதும் அது இறங்கிவிடும், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

அமெரிக்காவில் விற்ற நின்டெண்டோ என்இஎஸ் கருவி மட்டும் இந்த வரிசையில் சேராது. அதன் அடாப்டர் தருவது 9 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம். கருவிக்குள்ளேயே ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் இருக்கிறது. அந்த பிரிட்ஜ் இருப்பதால் 9 வோல்ட் டிசி அடாப்டரைக் கொடுத்தாலும் அது வேலை செய்யும், முனை எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் அந்த ஏசி அடாப்டரை எடுத்து மற்றக் கருவிகளில் செருகக் கூடாது. நின்டெண்டோ 64க்கு வேறு வசதி உண்டு: அதன் மின்பகுதி பின்னால் செருகும் தனித் துண்டு என்பதால், ஐரோப்பாவிலோ ஆஸ்திரேலியாவிலோ விற்ற 220-240 வோல்ட் துண்டை வாங்கிச் செருகினால் வேலை முடிந்தது.

மின்சாரம் உள்ளேயே நுழையும் கருவிகள்

1994இல் வந்த பிளேஸ்டேஷன், அதே ஆண்டின் சாட்டர்ன், 1998இன் டிரீம்காஸ்ட், பெரிய உடல் கொண்ட பிளேஸ்டேஷன் 2 ஆகியவற்றில் சுவர் மின்சாரம் நேராகக் கருவிக்குள் போகிறது. ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்கே செய்யப்பட்டவை. இவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

கடைகளில் பொதுவாகக் கிடைப்பது 230ஐ 110 ஆக்குவது. அமெரிக்கக் கருவிக்கு அது போதும். ஜப்பான் கருவிக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். நம் ஊரில் விநியோக மின்னழுத்தம் சில நேரம் பத்து சதவீதம் வரை ஏறலாம். அதாவது சுவரில் 253 வோல்ட் இருக்கும் நேரத்தில் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 121 வோல்ட் தரும். 100 வோல்ட் கருவிக்கு அது அதிகம். படுகையின் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் ஓடும்போது மின்னழுத்தம் இறங்குவதும், எல்லா மோட்டாரும் நின்றதும் சட்டென்று ஏறுவதும் வீட்டில் பல்பைப் பார்த்தே தெரியும். குறுவைக்கு நாற்று விடும் மாதங்களில் இது இன்னும் கூடுதல். எனவே 100 வோல்ட் என்று தனி இணைப்பு உள்ள டிரான்ஸ்ஃபார்மரைத் தேடுங்கள், அல்லது ஸ்டெபிலைசரும் மோட்டார் காயிலும் கட்டித் தரும் கடையில் 230க்கு 100 என்று சொல்லிச் சுற்றித் தரச் சொல்லுங்கள். பம்புசெட்டுகளை நம்பியே பிழைக்கும் இந்தப் பகுதியில் அப்படிப்பட்ட கடை இல்லாத ஊர் இல்லை. உள்ளே வரும் சுற்றும் வெளியே போகும் சுற்றும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஒரே சுற்றில் நடுவில் இணைப்பு எடுத்துத் தருவது மலிவு என்றாலும், அதில் ஒரு கம்பி விட்டுப்போனால் முழு 230 வோல்ட்டும் கருவிக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. அளவு, கருவியின் லேபிளில் உள்ள வாட்டைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் போதும். 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவுள்ள ஒன்று இந்தக் கருவிகளுக்குத் தாராளம். அதற்கு முன்னால் ஒரு டிவி ஸ்டெபிலைசர் இருந்தால் இன்னும் நல்லது.

வெளிநாட்டுப் பயணத்துக்கென்று கைக்கடக்கமாக, எடையே இல்லாமல், ஆயிரம் வாட்டுக்கு மேல் தாங்கும் என்று எழுதி விற்கும் வோல்ட் மாற்றிகளை இதற்கு வாங்கக் கூடாது. அவை முடி உலர்த்தி, இஸ்திரிப் பெட்டி போன்ற சூடேறும் பொருள்களுக்கானவை. அவை மின் அலையை வெட்டித்தான் குறைக்கின்றன; மின்னணுக் கருவி அதைத் தாங்காது. சதுர அலை தரும் வீட்டு இன்வெர்ட்டரிலும் இந்த டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டாமல் இருப்பது நல்லது. அது இரைந்து சூடேறும். மின்சாரம் போனால் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதான்.

அதிர்வெண்ணைப் பற்றி ஒரு சொல். ஜப்பானின் கிழக்குப் பாதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பாதியில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அந்நாட்டுப் பொருள்கள் இரண்டையும் ஏற்கும்படியே செய்யப்பட்டவை. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டுமே செய்த அமெரிக்க அடாப்டர்கள் நம் 50 ஹெர்ட்ஸில் கொஞ்சம் கூடுதலாகச் சூடேறும். இதுவும் பழைய அடாப்டரை ஒதுக்கிவிட்டு நம்மூர் அடாப்டர் வாங்குவதற்கு ஒரு காரணம்.

சிக்னல்

என்டிஎஸ்சியில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 60 புலங்கள் (பாதிப் பாதியாக வரும் படங்கள்), 525 கோடுகள். பிஏஎல்லில் 50 புலங்கள், 625 கோடுகள். வண்ணத்தைச் சுமக்கும் அலை என்டிஎஸ்சியில் 3.58 மெகாஹெர்ட்ஸ், பிஏஎல்லில் 4.43. பிஏஎல் மட்டுமே தெரிந்த டிவி, 60 புலப் படத்தைப் பிடித்துக்கொண்டாலும் வண்ணத்தைப் படிக்காது. அதனால்தான் கறுப்பு வெள்ளையில் தெரிகிறது. இன்னும் பழைய டிவியில் படம் மேலும் கீழும் உருளும், அல்லது உயரம் சுருங்கித் தெரியும். பின்பக்கத்தில் வி-ஹோல்ட், ஹைட் என்ற திருகுகள் இருந்தால் அவற்றால் சரிசெய்யலாம்.

இதைக் கேட்டு உடனே என்டிஎஸ்சியை பிஏஎல் ஆக்கும் பெட்டி வாங்க ஓட வேண்டாம். தொண்ணூறுகளின் பிற்பகுதியிலிருந்து வந்த வண்ண டிவிகளில் பல, ஏவி (படமும் ஒலியும் தனித்தனிக் கம்பிகளில் வரும் மஞ்சள், வெள்ளை ஜாக்குகள்) வழியாக இரண்டையும் ஏற்கும். மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்துக்குப் போய் ஆட்டோ அல்லது என்டிஎஸ்சி 3.58 என்பதைத் தேர்ந்தெடுத்தால் வண்ணம் வந்துவிடும். அதோடு, வெளிநாட்டுக் கருவியை மெனக்கெட்டு ஓட்டுவதன் பயனே இந்த 60இல்தான் இருக்கிறது. பிஏஎல் நாடுகளுக்கென்று விற்ற கருவிகளில் பல ஆட்டங்கள் சரியாக மாற்றி அமைக்கப்படாமல் 50க்கு இறக்கப்பட்டதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின; படத்தின் மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்தன. சிறுவயதில் பிஏஎல் கருவியில் ஆடிய ஒருவர் அதே ஆட்டத்தை ஜப்பான் கருவியில் பார்த்தால் வேகத்தைக் கண்டு வியப்பார்.

ஆன்டெனா கம்பி வழியாக மட்டும் படம் தரும் கருவிகளில்தான் உண்மையான தொல்லை. 1983இல் வந்த முதல் ஃபேமிகாம் அப்படிப்பட்டது. ஜப்பானின் டிவி சேனல் 1இலும் 2இலும்தான் அது படம் அனுப்பும். அவற்றின் பட அலைகள் 91.25, 97.25 மெகாஹெர்ட்ஸ். ஜப்பானில் அந்த இடம் அப்போது டிவிக்கு உரியதாக இருந்தது. நமக்கோ அது எப்.எம். வானொலிக்கு உரியது. சேனல் 2 பிடிக்கும் 96 முதல் 102 வரையிலான இடத்துக்குள்தான் கோடைக்கானல் பண்பலையின் 100.5 இருக்கிறது. ஆகவே சேனல் 1ஐத் தேர்ந்தெடுத்து, டிவியில் மேனுவல் டியூனிங்கில் விஎச்எஃப் பகுதியை மெதுவாகத் துழாவ வேண்டும். சில டிவிகளின் டியூனர் அங்கே போகும், சிலவற்றில் போகாது. படம் கிடைத்தாலும் ஒலி கிடைக்காமல் இரைச்சல் மட்டும் வரலாம். படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி அங்கே 4.5 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. மெனுவில் சவுண்ட் சிஸ்டம் என்ற இடத்தில் பி/ஜி என்றிருப்பதை எம் என்று மாற்றினால் ஒலி தெளியும். அந்த வசதி இல்லாத டிவியில் மல்லுக்கட்டுவது வீண். கருவிக்குள் இருக்கும் வீடியோ சிப்பிலிருந்து ஒற்றை டிரான்சிஸ்டர் சுற்று வழியாக ஏவி இணைப்பு எடுப்பது, டிவி பழுது பார்ப்பவருக்குப் பழகிய வேலைதான். அதற்கும் மனமில்லாதவர்கள் 1993இல் வந்த ஏவி ஃபேமிகாமை வாங்கிவிடலாம்.

அந்த ஏவி ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், நின்டெண்டோ 64, கேம்கியூப் ஆகிய நான்குக்கும் ஒரே ஏவி கேபிள் பொருந்தும். பிளேஸ்டேஷன் மூன்று தலைமுறைகளுக்கும் ஒரே கேபிள். மெகா டிரைவுக்குத்தான் வடிவத்துக்கு ஒன்று: முதலாவதில் எட்டு முனை, இரண்டாவதில் ஒன்பது முனை.

எந்த டிவி

என் தேர்வு பிக்சர் டியூப் டிவிதான். அதற்காக அலைய வேண்டியதும் இல்லை. 2006க்குப் பிறகு தமிழக அரசு வீடுவீடாகக் கொடுத்த 14 அங்குல இலவச வண்ண டிவி, படுகையின் எந்த ஊரிலும் ஏதாவது ஒரு வீட்டில் துணி போர்த்திக் கிடக்கும். பழைய சாமான் கடையில் சொற்ப விலைக்கும் கிடைக்கும். வாங்குமுன் மஞ்சள், வெள்ளை ஜாக்குகள் இருக்கின்றனவா, மெனுவில் என்டிஎஸ்சி இருக்கிறதா என்று கருவியையே கொண்டுபோய்ச் சோதித்துவிடுங்கள். இந்த ஆட்டங்கள் அந்தத் திரைக்காகவே வரையப்பட்டவை. துப்பாக்கியால் சுடும் ஆட்டங்களின் பழைய துப்பாக்கி, பிக்சர் டியூப்பில் மட்டுமே வேலை செய்யும். டிவி பழுதானால் பின்மூடியை நீங்களே திறக்க வேண்டாம்; அணைத்த பிறகும் டியூப்பில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

எல்இடி டிவிதான் இருக்கிறது என்றால், முதலில் அதன் பின்னால் ஏவி என்று எழுதிய சிறிய 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஜாக்குகளுக்குப் பதில் அதுதான் இருக்கிறது. அதற்கான கேபிள் டிவியோடு வந்ததாகவே இருக்க வேண்டும். கடையில் வாங்கும் கேபிள்களில் கம்பிகளின் வரிசை மாறியிருக்கும் என்பதால் படத்துக்குப் பதில் இரைச்சல் வரும். அந்தத் துளையே இல்லையென்றால் ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் சிறு பெட்டி தேவை. எச்டிஎம்ஐயை ஏவி ஆக்கும் பெட்டியும் பார்வைக்கு அப்படியே இருக்கும். அது எதிர்த் திசையில் மட்டும் வேலை செய்வது, நமக்குப் பயன்படாது.

எல்இடியில் இரண்டு குறைகள் எஞ்சும். பழைய கருவிகள் அனுப்புவது 240 கோடுகளின் எளிய படம். புதிய டிவி அதை இடைவிட்டு வரும் 480 கோட்டுப் படம் என்று தவறாக எண்ணிக்கொண்டு இரண்டு புலங்களைக் கலக்கிவிடுகிறது. அடிபட்ட வீரன் மினுங்கும் இடங்களில் அவன் அடியோடு மறைந்துபோவது இதனால்தான். மற்றொன்று, பொத்தானை அழுத்தியதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையே வரும் தாமதம். டிவியில் கேம் மோடை இயக்கி, படத்தை மென்மையாக்கும் எல்லா வசதிகளையும் அணைத்து, அகலத்தை 4:3க்கு மாற்றினால் ஓரளவு சரியாகும். முழுதாகச் சரியாக வேண்டுமென்றால் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற, இதற்கென்றே செய்த பெட்டிகள் இருக்கின்றன. விலை கருவியைவிடக் கூடுதலாகும். ஒரே ஒரு கருவி வைத்திருப்பவருக்கு அந்தச் செலவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேசட்டும் ஈரமும்

நாட்டுக்கு நாடு கேசட் மாறும். ஃபேமிகாம் கேசட்டுக்கு 60 முனை, என்இஎஸ் கேசட்டுக்கு 72. இடைத்துண்டு இல்லாமல் ஒன்று மற்றொன்றில் செல்லாது. சூப்பர் ஃபேமிகாம் கேசட் அமெரிக்கக் கருவியில் நுழையாமல் தடுப்பது இரண்டு பிளாஸ்டிக் முனைகள்தான். பிளேஸ்டேஷன் வட்டுகள் நாட்டுப் பூட்டு உடையவை. ஜப்பான் கருவிக்கு ஜப்பான் வட்டே வாங்குங்கள்.

படம் வராமல் வெறும் நிறம் மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் கேசட்டின் செப்பு முனைகளில் களிம்பு ஏறியிருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்றில் இது விரைவாக நடக்கும். வாயால் ஊதாதீர்கள், எச்சிலின் ஈரம் களிம்பைக் கூட்டும். பஞ்சு சுற்றிய குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்து, காய்ந்த பிறகு செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் கருவியை மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். காற்றுத் துளை வழியாக எறும்பு புகுந்து உள்ளே முட்டையிடுவது நம் பக்கம் சாதாரணம். நெடுநாள் பரணில் கிடந்த கருவியானால், மின்சாரம் கொடுப்பதற்கு முன் திருகைக் கழற்றி உள்ளே பார்த்துவிடுங்கள். பிளேஸ்டேஷன்போல சுவர் மின்சாரம் உள்ளே போகும் கருவியானால் பிளக்கைப் பிடுங்கிச் சில மணி நேரம் கழித்தே திறந்து, மின்பகுதியின் பெரிய கெபாசிட்டர் பக்கம் விரல் வைக்காமல் தூரிகையால் மட்டும் துடையுங்கள்.